பழைய ஃபியட்டா, முதல் மாருதி 800-ஆ?

பழைய கார் வாங்குவது என்று முடிவானதும் எனக்கு இரண்டில்தான் ஆசை இருந்தது: ஃபியட் என்றே பலரும் சொல்லும் பிரீமியர் பத்மினி, அல்லது 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800. பழகியவர்கள் அதை எஸ்.எஸ். 80 என்பார்கள். கடைசியில் பத்மினியை வாங்கினேன்.

ஓட்டுவதற்கு மாருதிதான் சுகம், அதில் விவாதமே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், லேசான உடம்பு, சந்துபொந்தில் எல்லாம் நுழையும். பெட்ரோலும் குறைவு. பத்மினிக்கு 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் ஓரத்தில் கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் போகிற வண்டியிடமிருந்து நன்றாகத் தள்ளியே வர வேண்டும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் மாட்டினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். துணியும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் டிக்கியில் இருக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பத்மினி? பாடி பாகங்களுக்காக.

1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே உடல்தான், பத்மினி என்று பெயர் மாறி 2000 வரை ஓடியது. நடுவில் கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது. அடிப்படைக் கூடு மாறவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே அச்சு! அதனால் என் வண்டிக்குப் பின்பக்கக் கதவு தேவைப்பட்டபோது, அதைவிடப் பல வருடம் இளைய வண்டியின் கதவு சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்தது. கீல் அப்படியே பொருந்தியது. டிங்கரிங் செய்தவர் கதவின் கீழ் விளிம்பில் மட்டும் தட்டிச் சரிபண்ணினார்.

எஸ்.எஸ். 80-க்கு இந்த வசதி கிடையாது. எஞ்சின் சாமானுக்குக் கவலை இல்லை, மாருதி ஆம்னி வேனிலும் அதே 796 சிசி குடும்பம்தான். ஆனால் 1986-லேயே மாருதி 800-க்குப் புது உடல் வந்துவிட்டது. அதற்கு முந்தைய முன்கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் இங்கே மூன்று வருடம்கூட வராத வண்டியின் பாகங்கள். பின்னால் வந்த 800-இலிருந்து கழற்றி மாட்ட முடியாது. தகடும் மெல்லிசு, துரு பிடித்தால் வெல்டிங் வைப்பதே சிரமம்.

எஸ்.எஸ். 80-ஐ நான் நண்பர் வண்டியாகத்தான் ஓட்டியிருக்கிறேன், வைத்துப் பராமரித்ததில்லை. அதனால் வருடச் செலவு எதில் கூட என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மறுவிற்பனை விலையும் அப்படித்தான். முதல் மாருதி என்பதற்காகவே அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே அப்பா காலத்து எஸ்.எஸ். 80 கண்ணாடி, விளக்கெல்லாம் முழுசாக நின்றால், விற்காதீர்கள். வெளியில் வாங்குவதானால் எஞ்சின் சத்தம் கேட்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நான்கு கதவின் அடிப்பக்கம், ஸ்டெப்னி வைக்கும் குழி.