செயில்கிளியர்: படகோடு எல்லை தாண்டுபவர்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம்?

பாய்மரப் படகில் தீவு தீவாகப் போகலாம் என்று கனவு காண்பவர்கள் காற்று, அலை, புயல் பற்றி எல்லாம் கேட்பார்கள், ஃபாரம் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கிழக்குக் கரீபியனில் ஒரு சீசன் ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள், முதலில் ஃபாரத்தைத்தான் திட்டுவார். கேரியகூவில் நின்று பார்த்தால் யூனியன் தீவு கண்ணுக்கே தெரியும். ஆனால் முன்னது கிரெனடா, பின்னது செயின்ட் வின்சென்ட். காலை காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் வேறு நாடு. அப்புறம் செயின்ட் லூசியா இன்னொரு நாடு, மார்டினிக் பிரான்ஸ், டொமினிக்கா மறுபடி தனி நாடு. ஒவ்வொன்றிலும் உள்ளே வர கஸ்டம்ஸ், இமிகிரேஷன், சில இடங்களில் துறைமுக அலுவலகமும் சேர்த்து. வெளியே போக மறுபடி அதே வரிசை.

இந்தத் தலைவலிக்காக வந்ததுதான் செயில்கிளியர். நீங்கள் வரப்போவதை அந்த நாட்டுக் கஸ்டம்ஸுக்கு முன்கூட்டியே இணையத்தில் தெரிவிக்கும் சேவை. கிரெனடா, செயின்ட் லூசியா, டொமினிக்கா, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் என்று பல இடங்களில் பயன்படுத்தியாகிவிட்டது. சுருக்கமாகக் கேட்டால் ஐந்துக்கு நான்கு தருவேன். ஆனால் அந்த நான்கு எதற்கு என்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் படகுக்காரர்கள் நடுவே ஒரு தப்பான எதிர்பார்ப்பு சுற்றுகிறது.

பயன்படுத்துவது எளிது. கணக்குத் தொடங்கி, படகின் பெயர், பதிவு எண், எந்த நாட்டுக் கொடி, நீளம், எடை எல்லாம் ஒருமுறை போட்டால் போதும். படகில் இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணும் அப்படியே சேமிப்பில் இருக்கும். அடுத்த தீவுக்குக் கிளம்பும்போது எங்கிருந்து, எங்கே, எப்போது, யார் யார் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் அதை வைத்துத்தான். காசு கிடையாது. அந்தந்த நாடு வாங்கும் நுழைவுக் கட்டணம் வேறு விஷயம், அதை அலுவலகத்தில்தான் கட்டவேண்டும்.

இதன் அருமை கவுண்டரில் நிற்கும்போது தெரியும். டிங்கியை (கரைக்குப் போக உதவும் சின்னப் படகு) படகுத்துறையில் கட்டிவிட்டு, தண்ணீர் புகாத பையில் பாஸ்போர்ட்டுகள், படகின் பதிவுச் சான்று, போன நாட்டிலிருந்து முறைப்படி வெளியேறியதைக் காட்டும் கிளியரன்ஸ் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர் எண் இல்லாமல் வந்தவர் என்றால் கார்பன் வைத்த ஃபாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, ஆறு பேரின் பாஸ்போர்ட் எண்ணையும் அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருப்பார், கடைசிப் பிரதியில் ஒன்றும் விழுந்திருக்காது, மறுபடி அதன் மேலேயே எழுதுவார். நீங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள். அதிகாரி தட்டுகிறார், திரையில் உங்கள் படகு வருகிறது, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், பிரிண்ட் எடுக்கிறார், கையெழுத்து, முத்திரை. தட்டச்சு செய்தது நீங்களே என்பதால் பெயரில் எழுத்துப்பிழை வர வாய்ப்பு குறைவு. நம் ஊர்ப் பெயர்களோடும் இனிஷியலோடும் வெளிநாட்டு அலுவலகங்களில் மல்லுக்கட்டியவர்களுக்கு இது ஒன்றே போதும்.

சரி, அந்தத் தப்பான எதிர்பார்ப்புக்கு வருவோம். செயில்கிளியரில் அனுப்பிவிட்டால் உள்ளே வர அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. இது தகவல் மட்டும். படகு அந்த நாட்டுக் கடலுக்குள் வந்ததும் பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குக் கம்புக்கு (ஸ்பிரெடர்) கீழே மஞ்சள் க்யூ கொடி ஏறவேண்டும் (என் படகில் நோய் எதுவும் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறேன் என்று அதற்குப் பொருள்), நுழைவுத் துறைமுகம் என்று அறிவித்த இடத்துக்குத்தான் வரவேண்டும், வழியில் ஒரு அழகான குடா தெரிகிறது, ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்று நங்கூரம் போடக்கூடாது. கரைக்குக் கேப்டன் மட்டும் போவார், மற்றவர்கள் படகிலேயே இருக்கவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மஞ்சள் கொடி இறங்கும், அந்த நாட்டுக் கொடி ஏறும். இதில் எதையும் செயில்கிளியர் மாற்றவில்லை. எழுத்து வேலையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது, நடையை அல்ல.

விசாவும் அப்படித்தான். பெயர்ப் பட்டியல் போய்ச் சேர்ந்தது என்பதால் அதில் உள்ள எல்லோருக்கும் உள்ளே வர உரிமை வந்துவிடாது. இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டும் கலந்த படகுகளில் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஆகவேண்டும். மார்டினிக் பிரான்ஸின் பகுதி, யூரோவில்தான் செலவு, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நேராக அங்கே போவதற்கு முன்னால் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

பிரெஞ்சுத் தீவுகளில் செயில்கிளியரும் கிடையாது. அங்கே வேறு ஏற்பாடு, எனக்கு அது இதைவிடப் பிடிக்கும். படகுச் சாமான் விற்கும் கடையிலோ ஒரு காபிக் கடையிலோ மூலையில் கஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் இருக்கும். நாமே உட்கார்ந்து நிரப்பி, பிரிண்ட் எடுத்து, கடைக்காரரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு, சில யூரோ கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஒரே தொல்லை பிரெஞ்சு விசைப்பலகை. நாம் பழகிய ஏ இருக்கும் இடத்தில் க்யூ இருக்கும், எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்தவேண்டும். பாஸ்போர்ட் எண்ணை அடித்துவிட்டு இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"இந்த ஃபாரம் வேலையையெல்லாம் காசுக்குச் செய்து தரும் ஏஜென்ட் வைத்தால் இந்த வம்பே இல்லையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலாபகோஸ் மாதிரி ஏஜென்ட் இல்லாமல் நுழையவே முடியாத இடங்கள் இருக்கின்றன, அங்கே வேறு வழியில்லை. மற்றபடி நான் ஏமாந்த கதை இது, கரீபியனுக்கு வெளியே ஒரு துறைமுகத்தில், பெயர் வேண்டாம். பேசிய தொகை ஒன்று, கடைசியில் வந்த பில்லில் ஜெராக்ஸுக்குத் தனி, டாக்ஸிக்குத் தனி, "அவசரக் கட்டணம்" என்று தனி. அவசரம் எங்களுக்கு இல்லை, அவருக்குத்தான் இருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். அவர் வாங்கிக் கொடுத்த வெளியேறும் கிளியரன்ஸில் ஒருவருடைய பாஸ்போர்ட் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது, அடுத்த நாட்டு அதிகாரி அந்தத் தாளையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார், எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று முதல் என் பட்டியலை நானே தட்டுவதுதான் வசதி.

இன்னொன்று, கரீபியனில் பழகிய கையோடு வேறு கடலுக்குப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் முன்னறிவிப்பு இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனிலும் இணையத்தில்தான் தெரிவிக்கவேண்டும், ஆனால் கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்குள், 2 மணி நேரத்துக்கு முன்பாவது. அமெரிக்காவில் ரோம் (ROAM) என்ற செயலி இருக்கிறது, அதில் அதிகாரி வீடியோவிலேயே பேசி முடித்துவிடவும் கூடும். அந்த விஷயத்தில் செயில்கிளியரைவிட ஒரு படி மேல். ஆனால் விமானத்தில் விசா இல்லாமல் போகும் சலுகை உள்ள நாட்டுக்காரர்களும் சொந்தப் படகில் போனால் விசா எடுத்தே ஆகவேண்டும். நியூசிலாந்து இன்னும் கெடுபிடி: 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லவேண்டும், 2018 முதல் படகின் அடிப்பாகம் சுத்தமாக இருப்பதற்கும் ஆதாரம் கேட்கிறார்கள், பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு வந்தால் உங்கள் பெயர்ப் பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. ஐரோப்பிய யூனியனில் ஆளுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு. வெளிநாட்டவர் ஷெங்கனில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், அவருடைய படகோ வரி கட்டாமல் 18 மாதம் இருக்கலாம். ஆள் ஊருக்குப் போய்விட, படகு மட்டும் மரினாவில் (படகுகளை நிறுத்திவைக்கும் துறை) சொகுசாகக் கிடக்கும்.

மறுபடி செயில்கிளியருக்கு வந்தால், புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்குச் சில விஷயங்கள். கிளம்புவதற்கு முன், நல்ல சிக்னல் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்; புது நாட்டில் நங்கூரம் போட்ட பிறகு போனில் உள்ளூர் சிம் இருக்காது, சிம் வாங்கக் கரைக்குப் போகவேண்டும், கரைக்குப் போக முதலில் கிளியர் ஆகவேண்டும். எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் காகிதத்திலும் எழுதி வையுங்கள். கையில் கொஞ்சம் கிழக்குக் கரீபியன் டாலர் இருக்கட்டும், 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருப்பதால் கணக்குப் போடுவது சுலபம், கார்டு எடுக்காத கவுண்டரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் அலுவல் நேரத்துக்குப் பிறகும் போனால் ஓவர்டைம் கட்டணம் விழும், இணையத்தில் முன்னாலேயே அனுப்பியிருந்தாலும் விழும்.

படகு உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதைச் செயில்கிளியர் கேட்காது, கவுண்டரில் கேட்பார்கள். வழியில் யாராவது விமானம் பிடித்து ஊருக்குத் திரும்புகிறார்கள் என்றால் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுப்பதை நீங்கள் அடுத்த பயணத்துக்கான தகவலில் செய்தால் மட்டும் போதாது. அவர் விமான நிலையம் போவதற்கு முன்பே இமிகிரேஷனில் கேப்டனும் அவரும் சேர்ந்து போய்ப் படகிலிருந்து இறங்குவதாகப் பதிந்துவிட்டு வாருங்கள், டிக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.