கல் வீட்டுக்கு மர அறை: கட்டித் தந்தவர்களுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண்

தாத்தா காலத்துக் கல் வீட்டின் பின்பக்கம் ஒரு மர அறை சேர்த்தோம். கட்ட வந்தவர்கள், சுண்ணாம்புக் காரைச் சுவர் மூச்சு விட வேண்டும், சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்று சொல்லி, நான் வாங்கி வைத்திருந்த மூட்டைகளைத் தொடவே இல்லை. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மரச்சட்டத்தைப் பழைய சுவரில் தொங்கவிடாமல் தனி அடித்தளத்தில் நிறுத்தினார்கள். மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். கல் அப்படி இல்லையே. கூரை சுவரைத் தொடும் இடத்தில் மழைநீர் இறங்காமல் ஈயத் தகடு. மரம் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்று எண் பில்லிலேயே இருந்தது, சரிபார்த்துக்கொண்டேன்.

குறை? கதவு. ஈரப்பதம் அளக்காமல் மாட்டிவிட்டார்கள். முதல் மழையிலேயே உப்பி இறுகிக்கொண்டது. மூன்று தடவை கூப்பிட்ட அப்புறம்தான் வந்து இழைத்துக் கொடுத்தார்கள்.