சாஃப்ட்வேர் வாங்கும் முன் அமுக்கராவை ஓட்டிப் பாருங்கள்

மூலிகைச் சாறுகளைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் சாற்றில் கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியோடு வரும் குரோமட்டோகிராபி டேட்டா சாஃப்ட்வேர் ஒன்றைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. எம்பவர், ஓப்பன்லேப், குரோமீலியான், லேப்சொல்யூஷன்ஸ் என்று பெயர் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். பம்பையும் சாம்பிளைத் தானாகச் செலுத்தும் ஆட்டோசாம்ப்ளரையும் ஓட்ட வேண்டும், டிடெக்டர் தரும் சிக்னலைச் சேமிக்க வேண்டும், பீக்கின் (ஒரு பொருள் வெளிவரும்போது வளைவில் எழும் மேட்டின்) பரப்பை அளந்து கணக்குப் போட வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்து வைக்க வேண்டும்.

முதலில் மஞ்சள், ஏனென்றால் அது சுலபம். விரலியோ கிழங்கோ, பொடித்து மெத்தனாலில் சாறெடுத்து, சி18 பிரிப்புக்குழாயில் அசிட்டோநைட்ரைலும் அமிலம் சேர்த்த தண்ணீரும் ஓடவிட்டு 425 நானோமீட்டரில் பார்த்தால் மூன்று பீக் வரும். முதலில் பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின், அடுத்து டிமெத்தாக்சிகுர்குமின், கடைசியில் பெரிதாகக் குர்குமின். மஞ்சளில் உள்ள மற்றவை பெரும்பாலும் அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சாது என்பதால் பேஸ்லைன் (பீக்குகளுக்கு அடியில் ஓடும் கோடு) துடைத்துவிட்டது போல இருக்கும். பீக்கின் பரப்பைத் தானாக அளக்கும் ஆட்டோ இன்டக்ரேஷன் போடும் கோட்டில் கை வைக்கவே வேண்டாம். பழைய குரோமட்டோகிராம்களை (சிக்னல் வளைவுகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் வசதியை இங்கேதான் அதிகம் பயன்படுத்துகிறேன். செயற்கையாகத் தயாரித்த குர்குமினைக் கலந்த சாம்பிளில் முன்னால் உள்ள இரண்டு பீக்கும் சுருங்கி, மூன்றாவது மட்டும் ஓங்கி நிற்கும். இயற்கையான சாம்பிளோடு சேர்த்துப் பார்த்தால் உடனே சந்தேகம் வரும்.

மஞ்சளிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சாஃப்ட்வேர் பீக்குக்குப் பெயர் வைப்பது அது வெளிவரும் நேரத்தைப் பார்த்துத்தான். பிரிப்புக்குழாய் பழசானாலோ அமிலத்தின் அளவு சற்று மாறினாலோ மூன்று பீக்கும் சேர்ந்து நகரும். நேர ஜன்னலை (பீக் எவ்வளவு முன்பின் வந்தாலும் அதே பெயர் தரலாம் என்ற எல்லையை) தாராளமாக வைத்திருந்தால் டிமெத்தாக்சிகுர்குமின் தலையில் குர்குமின் பெயர் ஏறிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஜன்னலைக் குறுக்கி, ஒவ்வொரு சாம்பிள் வரிசையிலும் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த தூய பொருளை) வைத்து நேரத்தைப் புதுப்பித்தால் இந்தத் தொல்லை இல்லை.

உண்மையான சோதனை அமுக்கரா (அஸ்வகந்தா). அதன் முக்கியப் பொருட்களான விதனோலைடுகளை 227 நானோமீட்டரில்தான் பார்க்க வேண்டும். அங்கே கிட்டத்தட்ட எல்லாமே ஒளியை உறிஞ்சும். கரைப்பான் கலவை மாற மாற பேஸ்லைனும் நகரும். விதனோலைடுகளில் ஒன்றான விதாஃபெரின் ஏ பீக்கின் தோளில் பெயர் தெரியாத சின்னது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் செங்குத்தாக வெட்டுவதா, அடியில் தொடுகோடு போட்டுச் சீவி எடுப்பதா, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குக் கோடு இழுப்பதா? மூன்றுக்கும் மூன்று பரப்பு வரும். பீக் சிறியதாக இருந்தால் அந்த வித்தியாசத்திலேயே சாம்பிள் பாஸா ஃபெயிலா என்பது மாறலாம். எது சரி என்று எந்த அல்காரிதமும் சொல்லாது. நாம் முடிவு செய்து, அதே விதியை ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் போட வேண்டும்.

இந்த இடத்தில் நான் பயன்படுத்தும் சாஃப்ட்வேருக்கு முழு மார்க் தருவேன். கருவியை ஓட்டும் மெத்தட் (அமைப்புகளின் தொகுப்பு) தனி, கணக்குப் போடும் மெத்தட் தனி. இத்தனையாவது நிமிடம் முதல் இன்டக்ரேஷன் வேண்டாம், இந்த இடத்தில் தொடுகோடு என்று அட்டவணையில் எழுதினால் வரிசை முழுவதற்கும் ஒரே மாதிரி பொருந்தும், சாம்பிளை மறுபடி செலுத்த வேண்டியதில்லை. திரும்பக் கணக்கிட்டால் பழைய ரிசல்ட் அழியாது, புதிய எண்ணோடு இன்னொன்று சேரும். கையால் கோடு இழுக்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுக்கலாம். மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதி 1997இல் வந்ததிலிருந்தே பழைய பதிவு அழியாமல் இருப்பதும் உரிமையைக் கட்டுப்படுத்துவதும் எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் டெமோவில் இதைக் காட்டச் சொன்னால் விற்க வருபவர்கள் பலர் அழகான ரிப்போர்ட் டெம்ப்ளேட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். கஃபீன் போல ஒரே பீக் வரும் சாம்பிளை ஓட்டிக் காட்டினால் எல்லா சாஃப்ட்வேரும் நல்ல சாஃப்ட்வேர்தான். உங்களிடம் உள்ளதிலேயே மோசமான அமுக்கரா சாம்பிளைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.

கணக்கில் எதையாவது மாற்றினால் காரணம் கேட்கும் பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். தயாராக உள்ள காரணங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அது வந்தது. விளைவு, எல்லோரும் முதலில் இருந்த ‘பேஸ்லைன் திருத்தம்’ என்பதையே அழுத்தினார்கள். பட்டியலை எடுத்துவிட்டு, சொந்தமாக எழுதினால்தான் சேமிக்கும் என்று மாற்றினோம். கொஞ்ச நாள் திட்டு வாங்கினேன். இப்போது ‘தோள் பீக்கைப் பிரிக்கத் தொடுகோடு’ என்று எழுதுகிறார்கள், தணிக்கைக்கு வருபவருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

பீக் தூய்மைச் சோதனையை மூலிகை வேலையில் நம்ப வேண்டாம். பல அலைநீளங்களில் ஒரே சமயம் அளக்கும் டயோட் அரே டிடெக்டர் பீக் முழுக்க ஸ்பெக்ட்ரத்தை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதை) ஒப்பிட்டு ‘தூய்மை’ என்று பச்சை காட்டும். விதனோலைடுகள் பலவற்றின் ஸ்பெக்ட்ரம் ஏறத்தாழ ஒன்றே, அதனால் இரண்டு சேர்ந்து வந்தாலும் பச்சைதான். அடியில் வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று தெரிய, மூலக்கூறின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும்.

சாம்பிள் எடை, ஈரப்பதம், நீர்த்தல் எல்லாவற்றையும் உள்ளேயே ஃபார்முலாவாக எழுதிக்கொள்ளும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை, எண்களை எக்செலுக்குக் கொண்டுபோகிறார்கள். அமைக்க நேரம் பிடிக்கும்தான். அமைத்துவிட்டால் ஒரு செல்லில் தவறான எண் ஒட்டும் பயம் போய்விடும்.

இனி வயிற்றெரிச்சல். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்ற லைசென்ஸ் கணக்கு, யாராவது வெளியேறாமல் டீ குடிக்கப் போனால் மற்றவரைக் காக்க வைக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. எங்கள் பழைய பதிப்பு விண்டோஸ் 11இல் ஓடாது, புதிய பதிப்புக்குப் பணம், அதன் பிறகு அது சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் வேலிடேஷனுக்கு மறுபடி பணம். கருவி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது என்பதுதான் கடுப்பு.

அதைவிடப் பெரியது ஃபைல் பூட்டு. டேட்டா அந்தக் கம்பெனியின் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கப்படும். பொதுவான சிடிஎஃப் வடிவத்துக்கு ஏற்றுமதி செய்து ஓப்பன்குரோம் போன்ற இலவச சாஃப்ட்வேரில் திறக்கலாம், வளைவு வரும். யார் எந்தக் கோட்டை ஏன் இழுத்தார் என்ற வரலாறு வராது. அதனால் ஒவ்வொரு ப்ராஜெக்டையும் மூடும்போது சிடிஎஃப், தணிக்கைப் பதிவின் பிடிஎஃப், கூடவே பேஸ்லைன் தெரியும்படி பெரிதாக்கிய குரோமட்டோகிராம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்கிறோம். பெரிதாக்கியது கட்டாயம். முழு அளவில் அச்சிட்டால் எந்த இன்டக்ரேஷனும் சரியாகப் போட்டது போலவே தெரியும்.