மன்னாரில் பாய்ப்பலகை விடுமுறை: முற்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களோடு மன்னார்த் தீவுக்குப் போய் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பூட்டிய பலகையில் காற்றால் கடலில் ஓடும் விளையாட்டு, செய்யலாம் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய ஏற்பாட்டாளரின் பெயரை நான் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று அண்ணா சொல்லிவிட்டார். ஆனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லத் தடையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துக் குடும்பங்களைத்தான் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். லண்டன் காசும் கனடாக் காசும் இங்கே யார் கையால் செலவாகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணா குடும்பம் லண்டனில். அவருடைய மகளும் மகனும் அங்கே ஒரு நீர்த்தேக்கத்தில் பாய்ப்பலகை பழகுகிறார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, நன்றாகவே ஓடுவாள். ஈஸ்டர் விடுமுறையோடு சித்திரை வருடப்பிறப்புக்கும் இங்கே நிற்கலாம் என்று வந்தார்கள். வந்தால் எங்களுடைய கடலில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஓட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என் பிள்ளைகளுக்குத் தானே பழக்கிவிடுவதாகப் போனில் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரிக் காற்று விளையாட்டுகளுக்குப் பேர்போன கற்பிட்டி எங்களுக்குத் தூரம். மன்னார் என்றால் பரந்தனில் திரும்பிப் பூநகரிக்குப் போய் ஏ32 வீதியைப் பிடித்தால் சரி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், திருக்கேதீச்சரத்தில் கும்பிடலாம்.

ஏற்பாட்டாளரை ஒரு முகநூல் விளம்பரத்தில் கண்டோம். பேசியவர் வன்னிப் பொடியன்தான், மரியாதையான பேச்சு. ஏப்ரலில் காற்று எப்படி என்று நான் எழுத்திலேயே கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது: “அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மன்னாரிலை பன்னிரண்டு மாசமும் காத்துத்தான். காத்தில்லாட்டி அரசாங்கம் அவ்வளவு காத்தாலை போட்டிருக்குமே?” கூடவே தம்பபவனிக் காற்றாலைகளின் படம் ஒன்று.

இந்தப் பதிலை நம்பித்தான் இரண்டரை இலட்சம் ரூபா முற்பணம் போனது, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தம்பபவனி உண்மைதான். 2020 டிசெம்பரில் தொடங்கிய அந்த மின்நிலையத்தில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். தீவின் தென்கரையோரம் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவை வருடம் முழுக்க ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மன்னாரின் பெரிய காற்று தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் ஆட்கள் சொல்லும் சோளகம். மே மாதம் எழும்பி, ஆனி ஆடியில் உரத்து, செப்டெம்பர் வரை நிற்கும். அடுத்தது வடக்குப் பக்கத்திலிருந்து வரும் வாடை, டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம்பியிருக்கக்கூடிய காற்று கிடையாது. காலையில் தரைப்பக்கத்திலிருந்து லேசாக வரும், பின்னேரம் கடலிலிருந்து கொஞ்சம் வரும், சில நாளில் இடியோடு மழை வரும். பாய்ப்பலகை தண்ணீரில் அமிழாமல் மேலெழும்பி ஓடுவதற்கு 12 தொடக்கம் 15 நொட் காற்றாவது வேண்டும், அதாவது மணிக்கு 22 தொடக்கம் 28 கிலோமீற்றர். பழகும் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும், ஆனால் அதுவும் ஒரு சீராக வீச வேண்டும். ஏப்ரலில் வரும் ஆளுக்கு இதைச் சொல்லாமல் காசு வாங்குவது, விதைக்கக்கூடாத மாதத்தில் விதைநெல் விற்பது போன்றது. அந்தத் தொழிலைச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

நாங்கள் போன அன்று வான் தென்கரையால் போகும்போது காற்றாலைகளில் அரைவாசி அசையவே இல்லை. “சித்தப்பா, ஏன் எல்லாம் நிக்குது?” என்று பெறாமகள் கேட்டாள்.

தங்குமிடமும் படத்தில் காட்டியது இல்லை. கடற்கரையில் ஓலைக் குடில் என்று சொல்லியிருந்தார்கள், கிடைத்தது மன்னார் டவுனுக்குள் ஒரு வீடு. வீடு துப்புரவாக இருந்தது, சமைத்த அம்மாவின் மீன்குழம்புக்குக் குறை சொல்ல முடியாது. அதை விடுவோம். இராமர் பாலத்து மணல் திட்டுகளுக்குப் படகில் கூட்டிப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். அங்கே போகக் கடற்படையின் அனுமதி வேண்டும், அதைக் கேட்கவே இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

பொருட்களின் கதைதான் பெரியது. வயது வந்தவர்களுக்கு இரண்டு பலகை, பிள்ளைகளுக்கு இரண்டு, பிள்ளைகளின் பாய் 2 தொடக்கம் 3 சதுர மீற்றருக்குள், அகலமான பழகும் பலகை என்று அண்ணா தானே எழுதி அனுப்பியிருந்தார். “எல்லாம் இருக்கு அண்ணை” என்று பதில் வந்தது. கரையில் இருந்தது ஒரேயொரு பாய்ப்பலகை. மற்றதெல்லாம் கைட். கைட் வேறு விளையாட்டு. இருபது மீற்றருக்கும் நீளமான கயிறுகளில் ஒரு பெரிய பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். படிப்படியாகப் பழக்கும் ஆள் இல்லாமல் ஒன்பது வயதுப் பிள்ளையை அதில் கொளுவவே கூடாது. “இரண்டும் ஒண்டுதான் அண்ணை, இப்ப எல்லாரும் இதுதான் கேக்கினம்” என்றார்கள்.

இருந்த அந்த ஒரு பலகையின் பாயில் 6.5 என்று அச்சிட்டிருந்தது. 6.5 சதுர மீற்றர், அது வளர்ந்த ஆளுக்குரிய பாய். அதில் பார்வைக்காக விட்டிருக்கும் கண்ணாடிப் பகுதி மஞ்சளாகி வெடித்து, பெட்டி ஒட்டும் டேப்பால் ஒட்டிக் கிடந்தது. பெறாமகள் நேரே பாய்மரத்தின் அடிக்குப் போனாள். பாய்மரத்தைப் பலகையோடு பொருத்தும் ரப்பர் மூட்டு ஒன்று அங்கே இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பார்த்தாள். மடக்கியதும் நடுவில் நகம் போகுமளவுக்கு வெடிப்பு வாய் திறந்தது. “அப்பா, இது அறுந்தா பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் போயிடும்” என்று கூப்பிட்டுக் காட்டினாள். அதற்கு அந்தப் பயிற்றுநர் சொன்ன பதில்: “தங்கச்சி, இதிலை எத்தினை வெள்ளைக்காரர் ஓடினவை தெரியுமே?” மூட்டை மாற்றாமல் பிள்ளை இறங்காது என்று அண்ணா ஒரே பிடியாக நின்றார். பின்னேரம் எங்கிருந்தோ வேறொன்று கொண்டுவந்து பூட்டினார்கள்.

உயிர்காப்பு அங்கி எல்லாம் பெரியவர்களின் அளவு. அண்ணாவின் சின்னவனுக்குப் போட்டுவிட்டுத் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கினால் அங்கி காதுக்கு மேல் வந்துவிட்டது. அப்படி வரும் அங்கி தண்ணீரில் பிள்ளையைக் காப்பாற்றாது, கழன்று தனியே மிதக்கும். அவனை அண்ணி கடைசிவரை இறங்க விடவில்லை. அழுதுகொண்டே கரையில் சிப்பி பொறுக்கினான்.

அடுத்த நாள் காலை நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். கரையில் ஒரு பைபர் படகு நின்றது, பின்னால் இயந்திரமும் பூட்டியிருந்தது. “பாதுகாப்புப் படகு ரெடி” என்று பயிற்றுநர் சொன்னார். எங்களுடைய கணக்கில் அந்தப் படகுக்கென்றே தனியாக இருபத்தையாயிரம் ரூபா போட்டிருந்தார்கள். பெறாமகள் அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வடக்கிலிருந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று. போகும்போது அழகாகத்தான் போனாள், அம்மா கைதட்டினா. திரும்பும் இடத்தில் பாய் சரிந்து விழுந்தது. 6.5 பாய் தண்ணீர் ஏறிக் கிடந்தால் அந்த வயதுப் பிள்ளை கயிற்றைப் பிடித்துத் தூக்குவது இலேசான வேலை இல்லை. அவள் இழுக்க இழுக்கப் பலகை வெளியே போய்க்கொண்டே இருந்தது. அண்ணா படகை எடுக்கச் சொல்லிக் கத்தினார். இயந்திரத்தின் கயிற்றை ஒருவர் இழுத்தார், அவர் களைக்க மற்றவர் இழுத்தார். பெற்றோல் இல்லை. ஒருவர் கானைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடினார். அண்ணா நீந்தப் போனார், நாங்கள் இரண்டு பேராகப் பிடித்து நிறுத்தினோம்.

வலை எடுத்துவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு மீனவர்தான் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் பலகையைக் கட்டிப்பிடித்தபடி அதன்மேல் படுத்திருந்தாளாம். என்ன நடந்தாலும் பலகையை விடாதே என்று லண்டனில் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐயா காசு வாங்க மறுத்துவிட்டார். பயிற்றுநரைப் பார்த்துத்தான் கேட்டார்: “தம்பி, காலமை வாடை அடிக்கேக்கை இந்தக் கரையாலை ஒரு பிள்ளையை இறக்கிறதே? அது வெளியாலை கொண்டு போகுமெண்டு உனக்குத் தெரியாதே?” பிறகு எங்களிடம் திரும்பி, “சித்திரையிலை கடல் சும்மா கிடக்கும் பிள்ளையள். சோளகம் எழும்பட்டும், அப்ப வாங்கோ” என்றார். கரையில் நின்ற பயிற்றுநர்களை எல்லாம்விடக் காற்றைத் தெரிந்த மனிதர் அவர்.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது தண்ணீர் ஓரத்தில் அமைதியாகவே தெரியும், அலை இருக்காது, பார்ப்பவர்களுக்குப் பயமே வராது. பழகும் ஆளுக்கு அதுதான் மிக மோசமான காற்று. காற்றை எதிர்த்துத் திரும்பி வரத் தெரியாத பிள்ளை வெளியே மட்டும்தான் போகும். ஓடக்கூடிய நிலையில் ஒரு படகு தண்ணீரிலேயே நிற்காவிட்டால் இந்தக் காற்றில் யாரையும் இறக்கக்கூடாது.

அன்றே மூட்டை கட்டினோம். நின்ற நாளுக்குரிய காசை எடுத்துக்கொண்டு முற்பணத்தில் மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டபோது ஒரு தாளை நீட்டினார்கள். காற்று இயற்கையின் செயல், அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை, முற்பணம் திரும்பாது என்று அதில் இருந்தது. காசு கட்டும்போது அந்தத் தாளை யாரும் காட்டவில்லை. அண்ணா கையெழுத்துப் போடவில்லை. காற்று இயற்கைதான். ஆனால் இல்லாத பலகையும் பெற்றோல் இல்லாத படகும் இயற்கை இல்லை. அதற்குப் பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மன்னாரைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. சரியான மாதத்தில் அந்தத் தீவைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடல் இந்த விளையாட்டுக்கென்றே அமைந்தது. இவ்வளவு காலம் கஷ்டப்பட்ட ஊர், இப்போதுதான் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வயிற்றில்தான் இப்படியானவர்கள் அடிக்கிறார்கள். அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

ஆகவே போகிறவர்கள் மாதத்தைச் சொல்லி, அந்த மாதத்தில் எத்தனை நொட் காற்று, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேளுங்கள். “எப்பவும் காத்து” என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே விடுங்கள். பேசாலையிலோ தலைமன்னாரிலோ கடலுக்குப் போகும் ஒருவரைத் தெரிந்தால் அவரிடமும் கேளுங்கள். பலகையையும் பாயையும் இன்று எடுத்த காணொளியில் காட்டச் சொல்லுங்கள், பாயில் அச்சிட்ட இலக்கம் தெரிய வேண்டும். பிள்ளைகளின் எடையைச் சொல்லி அதற்குரிய அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்றுநரின் சான்றிதழைப் பாருங்கள், கைட்டுக்கு வாங்கிய சான்றிதழ் பாய்ப்பலகைக்குச் சான்றிதழ் ஆகாது. காற்று இல்லாவிட்டால் காசுக்கு என்ன முடிவு என்பதை முற்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கரைக்குப் போனதும் படகின் இயந்திரத்தை ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பதிவு செய்திருக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், இவர்களும் சொன்னார்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது, 1912 என்ற இலக்கத்திலும் கேட்கலாம். இவர்களுடைய பெயர் அதில் இல்லை. நாங்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாட்ஸ்அப் பதில்கள், வங்கிச் சீட்டு, ரப்பர் மூட்டின் படம் எல்லாவற்றோடும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், லண்டனுக்குத் திரும்பிப் போய் ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது அதே ஆட்கள், அதே காற்றாலைப் படத்தோடு, ஒக்டோபர் பாடசாலை விடுமுறைக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். ஒக்டோபரும் காற்றில்லாத மாதம்தான். யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் இன்றைக்கே எழுத்தில் திகதியை மாற்றக் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.