இஃப்டெஃப்பா, தனிக் கோப்பா?

பத்தமடையில் ஒரு பாய்க்கடைக்குச் சி மொழியில் பில்லிங் புரோகிராம் எழுதினேன். கடையில் விண்டோஸ் 7. வீட்டில் அண்ணாச்சியின் மகன் பில் போடுவது உபுண்டு லினக்ஸில். ஒரே சோர்ஸ் கோட் இரண்டிலும் ஓட வேண்டும். வித்தியாசம் வருகிற இடத்திலெல்லாம், ‘விண்டோஸ் என்றால் இந்த வரி, இல்லையென்றால் அந்த வரி’ என்று கம்பைலருக்குச் சொல்லும் இஃப்டெஃப் (#ifdef) போடுவது ஒரு வழி. சிஸ்டத்தைத் தொடும் வேலைகளைப் பிரித்து, விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு ஒரு கோப்பு என வைப்பது இன்னொன்று. முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்கு ஓடி வந்தவன் நான், அதற்கேற்பப் படியுங்கள்.

சில்லறை விஷயங்களுக்கு இரண்டுமே வேண்டாம். முழு எண்ணை வைக்கும் லாங் (long) டைப் 64 பிட் விண்டோஸில் 4 பைட், லினக்ஸில் 8 பைட். int32_t போல அளவு குறித்த இன்ட் டைப்புகளைப் போட்டால் தீர்ந்தது. ஆங்கிலக் கோப்புப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால், பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும் லினக்ஸ் முரண்டு பிடிக்காது.

சிக்கல் தமிழில் வந்தது. பில்லை வாடிக்கையாளர் பெயரில் சேமித்திருந்தேன். வீட்டில் போட்ட ‘முப்பிடாதி’ பில் பென்டிரைவில் கடைக்கு வந்தது. எக்ஸ்ப்ளோரரில் பெயர் அழகாகத் தெரிகிறது. "தம்பி, கண்ணு முன்னால இருக்கு, தொறக்க மாட்டேங்கு" என்றார் அண்ணாச்சி. கோப்பைத் திறக்கும் சி ஃபங்ஷனான எஃப்ஓப்பன் (fopen), விண்டோஸில் பெயரை ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் என்ற பழைய எழுத்து அட்டவணைப்படி வாசிக்கும். தமிழுக்கு அப்படியொரு கோட்பேஜே கிடையாது. பெயரை யூடிஎஃப்-16 என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றி, அதை வாங்கும் டபிள்யூஎஃப்ஓப்பனை (_wfopen) கூப்பிட வேண்டும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், புரோகிராமோடு சேரும் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்பிலேயே, லினக்ஸில் வழக்கமான யூடிஎஃப்-8 வடிவத்தைக் கேட்கலாம்; கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எஃப்ஓப்பன் 17 இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் இஃப்டெஃப், எல்ஸ், எண்டிஃப். பேக்கப் எடுக்கும் இடத்தில் மட்டும் விட்டுப்போச்சு. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அண்ணாச்சிதான் சொன்னார். அன்றைக்கே ‘கோப்பைத் திற’ என்று ஒரே ஃபங்ஷனாக்கி, உடலை இரண்டு கோப்பில் எழுதினேன். அழிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் அதே தொல்லைதான், அவையும் அங்கேயே போயின. இப்போது ஒரு பக்கம் எழுத மறந்தால், கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரே கத்திவிடும். பராமரிப்பில் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மாறலாம்.

இருநூறு வரி டூலுக்கு இன்றும் இஃப்டெஃப்தான் போடுவேன்; அதற்குப் போய் மூன்று கோப்பு எதற்கு? ஜன்னல், பட்டன் எல்லாம் வேண்டுமென்றால் க்யூட்டி (Qt) என்ற லைப்ரரியைப் பார்க்கலாம், தமிழ்ப் பெயர்களை அதுவே கவனித்துக்கொள்ளும். கறுப்புத் திரை பில்லுக்கு அது அதிகம். மேக்கில் ஓட்டிப் பார்த்ததில்லை. அதுவும் லினக்ஸைப் போல பாசிக்ஸ் (POSIX) என்ற பொது விதிகளைப் பின்பற்றுவது என்பதால் லினக்ஸ் கோப்பே பெரும்பாலும் போதும் என்று நினைக்கிறேன். பாய்க்கடையில் இதுவரை யாரும் மேக் கொண்டுவரவில்லை.