2000 வாட் என்று எழுதிய கேத்தில், உள்ளே 1000 வாட்: திருகோணமலையில் வாங்குகிறவர்கள் கவனம்

போன மாதம் நகரத்துக் கடையொன்றில் ஒரு மின்சாரக் கேத்திலும் ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரும் வாங்கினோம். கேத்திலின் அடியில் ‘2000 வாட்’ என்று ஒட்டியிருந்தது. வயரின் அட்டையில் ‘13 அம்பியர், ஹெவி டியூட்டி’. இரண்டுமே பொய். கடையின் பெயரைப் போடவில்லை. இதே சாமான் வேறு கடைகளிலும் கிடக்கிறது, பொருளைப் பார்த்து ஒதுங்கினால் போதும்.

ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க எட்டு நிமிஷம் ஆனது. கன்னியாவில் ஏழு கிணறும் சும்மாவே சூடாக இருக்கிற ஊரில் இது கொஞ்சம் அதிகம்தான். 30 பாகை நீரை 100 பாகைக்குக் கொண்டுபோக, லீற்றருக்குக் கிட்டத்தட்ட 293 கிலோயூல் வேண்டும். ஒன்றரை லீற்றருக்கு 440. உண்மையான 2000 வாட் என்றால் நாலு நிமிஷத்துக்குள் முடிய வேண்டிய வேலை.

கடையில் போய்ச் சொன்னால், “தங்கச்சி, உங்கட உப்புவெளிப் பக்கம் வோல்டேஜ் குறைவு, அதுதான்” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வயரிங் வேலை செய்கிற அத்தான், வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீற்றரோடு வீட்டுக்கு வந்து கேத்திலைப் போட்டு அளந்தார். சுவர் பிளக்கில் 228 வோல்ட், எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில் 222 வோல்ட், ஓடிய கரண்ட் 4.5 அம்பியர்.

222-ஐ 4.5-ஆல் பெருக்கினால் வலு 999 வாட். 222-ஐ 4.5-ஆல் வகுத்தால் தடை, அதாவது கரண்டை மறிக்கிற அளவு, 49 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் தருகிற கேத்திலுக்கு 8.7 அம்பியர் ஓட வேண்டும், உள்ளே சூடாக்கும் சுருளின் தடை 26 ஓம் அளவில் இருக்க வேண்டும். 49 ஓம் சுருளைப் போட்டுவிட்டு வோல்டேஜ் குறைவு என்றால் எப்படி? தடை பொருளோடு வருவது, மின்சார சபை அனுப்புவதில்லை. வோல்டேஜ் குறைந்தால் வலு அதன் வர்க்கத்தில் குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் நல்ல 2000 வாட் கேத்தில் 222 வோல்ட்டில் 1860 வாட் தரும். பாதியாக விழ வேண்டுமானால் வோல்டேஜ் 163-க்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் தெருவில் ஒரு வீட்டு பிரிட்ஜும் ஒழுங்காக ஓடாது.

அடுத்த சமாதானம், “வாட் குறைஞ்சா பில்லும் குறையும்தானே!” குறையாது. தண்ணீர் கொதிக்கத் தேவையான சக்தி ஒன்றுதான். பாதி வலுவில் இரண்டு மடங்கு நேரம் எரியும், அவ்வளவு நேரமும் கேத்தில் வெளியே வீணாக்குகிற சூடு மேலதிகம்.

எனக்குக் கோபம் வந்தது கேத்திலால் அல்ல, வயரால். ஐந்து மீற்றரில் 6 வோல்ட் காணாமல் போகிறது. 6-ஐ 4.5-ஆல் வகுத்தால் 1.3 ஓமுக்கு மேல். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு என்றால், போக வர பத்து மீற்றருக்கும் கால் ஓம் கூட வராது. இந்த வயரே 27 வாட்டைத் தின்று சூடாகிறது. சொன்னபடி 2000 வாட் கேத்திலைத் தந்திருந்தால் 8 அம்பியருக்கு மேல் ஓடி, வயரில் மட்டும் 90 வாட் இறங்கியிருக்கும். அதைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேத்தில்காரனின் களவு வயர்காரனின் களவிலிருந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது!

வெட்டிப் பார்த்தோம். தடித்த பிளாஸ்ரிக், உள்ளே தலைமயிர் போல நாலைந்து இழை. சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது, செம்பு வெறும் மேற்பூச்சுத்தான்.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்கலாம், சாதாரண மல்ரிமீற்றர் போதும். கேத்திலைக் கரண்டில் செருகாமல், அதன் தட்டில் வைத்து, பட்டனை அமத்தி, பிளக்கின் இரண்டு சிறிய முள்ளுக்கும் நடுவே ஓம் அளவு எடுங்கள். 52900-ஐ எழுதியிருக்கிற வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும் (230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52900). 1500 வாட்டுக்கு 35, 1000 வாட்டுக்கு 53. பத்துச் சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. சூடாக்கும் சுருளின் தடை குளிரிலும் சூட்டிலும் பெரிதாக மாறாது, அதனால் இந்தக் கணக்கு சரிவரும். பழைய குண்டு பல்பில் இதைச் செய்யாதீர்கள், குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. மீற்றரை அம்பியரில் வைத்துப் பிளக் ஓட்டைக்குள் குத்துகிற வேலையும் வேண்டாம், கையோடு போய்விடும். கிளாம்ப் மீற்றர் இருந்தால் ஒற்றை வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும்.

கடைக்காரர் காசு தரவில்லை, மாற்றித் தருவதாகச் சொன்னார். மாற்றித் தந்ததையும் அங்கேயே அளந்தார் அத்தான். 48 ஓம். வாங்காமல் வந்துவிட்டோம். பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். உங்களிடமும் இதே கேத்தில் இருந்தால் சீட்டைத் தேடி எடுத்து நீங்களும் அழையுங்கள்.