எக்ஸ்லிப் பழகிப் பார்த்தேன்: விண்டோ வரைகிற வரை சுகம், தமிழ் எழுதப் போனால்தான் வம்பு

பொழுதுபோக்குக்காக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த அரிப்பு வந்தே தீரும். ஜிடிகே, க்யூட்டி என்று ஏதோ ஒரு டூல்கிட்டை வைத்து பட்டன், மெனு எல்லாம் போட்டு முடித்த பிறகு, சரி, இந்தப் பட்டனைத் திரையில் உண்மையில் யார்தான் வரைகிறார்கள் என்று தோன்றும். லினக்ஸில் அதைத் தோண்டிக்கொண்டே போனால் எக்ஸ்லிப்பில் போய் முட்டுவீர்கள். கொஞ்ச காலமாக நான் நோண்டிக்கொண்டிருப்பது இதைத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எக்ஸ் என்கிற விண்டோ அமைப்பை 1984-இல் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கினார்கள், 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது, இன்றுவரை ஓடுவது அந்தப் பதிப்புதான். அதில் திரையையும் கீபோர்டு, மவுஸையும் கவனித்துக்கொள்கிற நிரலுக்கு எக்ஸ் சர்வர் என்று பெயர். அந்த சர்வரோடு சி மொழியில் பேசுவதற்கான லைப்ரரிதான் எக்ஸ்லிப். காசு கிடையாது. உபுண்டுவில் லிப்எக்ஸ்11-டெவ் என்ற பேக்கேஜைப் போட்டுக்கொண்டு, கம்பைல் செய்யும்போது எக்ஸ்11 லைப்ரரியை இணைத்தால் போதும், ஒரு மணி நேரம் டவுன்லோடு ஆகிற எடிட்டரெல்லாம் தேவையில்லை.

முதல் விண்டோ முப்பது வரிக்குள் வந்துவிடும். சர்வரோடு இணைப்பு, ஒரு விண்டோ, எந்தெந்த ஈவென்ட் (கீ அழுத்தம், மவுஸ் அசைவு மாதிரி சர்வர் அனுப்பும் தகவல்) வேண்டும் என்ற பட்டியல், விண்டோவைக் காட்டச் சொல்லி ஒரு வரி, அப்புறம் ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கிற ஒரு லூப். எனக்கு இதில் பிடித்ததே அந்த லூப்தான். பெரிய டூல்கிட்டுகளில் 'ரன்' என்று ஒரு வரி எழுதியதும் கட்டுப்பாடு முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடும். இங்கே ஒவ்வொரு கீ அழுத்தமும் மவுஸ் அசைவும் நம் கைவழியாகத்தான் போகிறது. அழுத்தியது எப்போது, விட்டது எப்போது என்று மில்லிசெகண்டில் நேரம்கூட வரும்.

ஆனால் புதிதாக வருகிற எல்லோரையும் இது ஒரு இடத்தில் திணறடிக்கும். விண்டோவைக் காட்டச் சொன்ன உடனே அடுத்த வரியில் ஒரு கட்டம் வரையச் சொன்னால் பெரும்பாலும் வெற்று விண்டோதான் வரும். விண்டோ உண்மையாகவே திரைக்கு வந்துவிட்டது, இப்போது நீ வரையலாம் என்று சர்வர் ஒரு எக்ஸ்போஸ் ஈவென்ட் அனுப்பும். அதற்கு முன்னால் வரைந்ததெல்லாம் காற்றோடு போச்சு. நீங்கள் வரைந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய கடமையும் சர்வருக்குக் கிடையாது. வேறொரு விண்டோ மேலே வந்து விலகினால் அந்த இடத்தை நீங்களே மறுபடி வரைய வேண்டும்.

புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு இன்றைய டெஸ்க்டாப்பில் சோதித்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் இப்போது காம்போசிட்டர் (எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரையில் காட்டுகிற நிரல்) ஒவ்வொரு விண்டோவையும் தனியாகச் சேமித்து வைப்பதால் எதை மேலே இழுத்துப் போட்டு எடுத்தாலும் அந்த ஈவென்ட் வருவதில்லை. இதற்கு ஸெஃபிர் என்று ஒரு கருவி இருக்கிறது, விண்டோவுக்குள் ஓடுகிற இன்னொரு எக்ஸ் சர்வர். அதற்குள் ஓப்பன்பாக்ஸ் மாதிரி எளிய விண்டோ மேனேஜரை (விண்டோக்களை நகர்த்தி அடுக்குகிற நிரல்) மட்டும் ஓட்டி, நம் விண்டோ மேல் ஒரு டெர்மினலை வைத்து நகர்த்துங்கள். டெர்மினல் மறைத்திருந்த பகுதி மட்டும் வெறும் பின்னணி நிறமாக நிற்கும், மறுபடி வரைகிற நிரல் வரிகளை நாம் எழுதியிருந்தால் ஒழிய. ஓப்பன்பாக்ஸையும் நிறுத்திவிட்டால் தலைப்புப் பட்டையே காணாமல் போகும். அது நம்முடையதே இல்லை, விண்டோ மேனேஜருடையது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. மூடுகிற பட்டனும் அவர்களுடையதுதான். 'மூடச் சொன்னால் எனக்கு முதலில் தகவல் கொடு' என்று நாம் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள், டெர்மினலில் ஒரு பயமுறுத்தும் பிழைச்செய்தியோடு நிரல் சாகும்.

குறைகளும் இருக்கின்றன. நாம் கேட்பதெல்லாம் உடனே சர்வருக்குப் போவதில்லை, ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், சேர்ந்து கிடக்கும். ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கும்போது அது தானாகப் போய்விடும் என்பதால் சாதாரண நிரலில் தெரியாது, கடிகாரம், அனிமேஷன் என்று இறங்கும்போதுதான் பஃபரை உடனே அனுப்பச் சொல்கிற எக்ஸ்ஃப்ளஷ் போடாமல் திரை அசையாமல் நிற்கும். பிழைகள் இன்னும் மோசம். தப்பு ஒரு வரியில் இருக்க, செய்தி பத்து வரி தாண்டி வரும், அதிலும் ஒரு எண்ணும் 'பேட்விண்டோ' என்ற பெயரும்தான் இருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் உடனுக்குடன் முடிக்கச் சொல்கிற எக்ஸ்சிங்க்ரனைஸ் போட்டு ஓட்டினால் வேகம் குறையும், ஆனால் பிழை சரியான இடத்தில் பிடிபடும். கற்றுக்கொள்கிற காலத்தில் அதை நீக்கவே வேண்டாம்.

காப்பி-பேஸ்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டதற்காகவே இந்த நேரம் தகும். சர்வரில் கிளிப்போர்டு என்று ஒரு பெட்டியே கிடையாது. காப்பி செய்யும்போது நம் நிரல் 'தேர்ந்தெடுத்த பகுதி இப்போது என்னிடம் இருக்கிறது' என்று அறிவிக்கிறது, அவ்வளவே. இன்னொருவர் பேஸ்ட் செய்யும்போது சர்வர் நம்மிடம் கேட்கும், நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளிப்போர்டு மேனேஜர் எதுவும் ஓடாத கணினியில், காப்பி செய்துவிட்டு நிரலை மூடினால் பேஸ்ட் ஆகாத மர்மம் இதுதான்.

அப்புறம் தமிழ். எக்ஸ்லிப்பின் பழைய எழுத்து வரையும் ஃபங்ஷனுக்கு யூடிஎஃப்-8 தமிழை (யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கொடுத்துப் பார்த்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்'-உம் வரிசையாக வரும். அது ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. சரி என்று எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு லைப்ரரிக்கு மாறினால் தமிழ் எழுத்துரு வரும், ஆனால் 'செடி'யில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் போகாமல் பின்னாலேயே நிற்கும், ஏனென்றால் சேமிப்பில் வரிசை அப்படி, மாற்றிப் போடுகிற வேலையை எக்ஸ்எஃப்டி செய்வதில்லை. அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கித் தருகிற லைப்ரரி வேண்டும். தட்டச்சும் தனி வேலை: லூப்பில் எக்ஸ்ஃபில்டர்ஈவென்ட்டைச் சேர்த்து இன்புட் மெத்தட் இணைப்பும் வைத்தால்தான் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ் உள்ளே வரும். வந்த பிறகு 'கொ' என்பதில் பேக்ஸ்பேஸ் அடித்தால் மூன்று பைட்டை அழிப்பதா ஆறையுமா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் நான் வீம்பு பார்க்கவில்லை, எழுத்தை அடுக்க பாங்கோவையும் வரைய கெய்ரோவையும் கொண்டுவந்துவிட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள். எழுத்து வரைவது இன்னொரு பொழுதுபோக்கு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாற்றுகளையும் பார்த்துவிடுவோம். எக்ஸ் சர்வரோடு பேசுகிற இன்னொரு லைப்ரரியான எக்ஸ்சிபி புதியது, பிழைகளை அந்தந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்டு வாங்கலாம், ஆனால் அதன் ஆவணங்கள் மெலிவு. எக்ஸ்லிப்பின் மேன் பக்கங்கள் (டெர்மினலில் படிக்கிற கையேடு) வறட்சியாக இருந்தாலும் கேட்டதற்குப் பதில் இருக்கும். எஸ்டிஎல் என்ற லைப்ரரி விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு நல்லது, ஆனால் இங்கே நாம் பார்க்க வந்த விஷயங்களையே மறைத்துவிடுகிறது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட்டில் ஒரு காலி விண்டோவுக்கே பகிர்வு நினைவகம், பஃபர், ஷெல் நெறிமுறை என்று நூறு வரியைத் தாண்ட வேண்டியிருக்கிறது, க்னோம் டெஸ்க்டாப்பில் தலைப்புப் பட்டையும் நம் தலையில்தான்.

செத்துப்போகிற ஒன்றை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 10-ஆம் பதிப்பில் எக்ஸ் சர்வரைத் தூக்கிவிட்டது உண்மைதான், ஆனால் வேலேண்ட்டுக்குள் எக்ஸ் நிரல்களை ஓட்டுகிற எக்ஸ்வேலேண்ட்டை வைத்திருக்கிறது, அதனால் நாம் எழுதுவது அங்கேயும் ஓடும். வேலை கிடைப்பதற்காக என்றால் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் ஒரு வரைபலகையில் தொடங்குங்கள்: மவுஸ் அழுத்தினால் கோடு, விண்டோவின் அளவை மாற்றினாலும் கோடு அழியக்கூடாது. அது ஓடிய பிறகு சக்லெஸ் குழுவின் டிடபிள்யூஎம்-மைத் திறந்து படியுங்கள், 2,000 வரியைத் தாண்டக்கூடாது என்று அவர்களே வரம்பு வைத்து எழுதிய முழு விண்டோ மேனேஜர், பாதிக்கு மேல் உங்களுக்கே புரியும்.